சாலை உயரும்போது மின்கம்பிக்கு என்ன ஆகிறது?

டவர் லைனில் போகும் கம்பிக்கு மேலுறை கிடையாது. வீட்டுச் சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் ஒயருக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறோம். நான்கு லட்சம் வோல்ட் அழுத்தத்தில் வயலையும் ஏரியையும் தாண்டிப் போகிற கம்பியோ வெற்றுக் கம்பி. நடுவில் ஏழு எஃகு இழைகள், அவற்றைச் சுற்றி முறுக்கிய அலுமினிய இழைகள், அதற்கு வெளியே காற்று. டவரில் தொங்கும் இடத்தில் மட்டும் பீங்கான் அல்லது கண்ணாடித் தட்டுகள் கோத்த சரம் ஒன்று கம்பியை இரும்பிலிருந்து பிரித்து வைக்கிறது. 400 கிலோவோல்ட் (கே.வி.) லைனில் அந்தச் சரம் மூன்று மீட்டருக்கு மேல் நீளும். அடுத்த டவர் வரைக்கும் மீதி முந்நூறு, நானூறு மீட்டருக்குக் கம்பியின் உறை வெறும் காற்று.

சாலைத் திட்ட வரைபடத்தில் இந்தக் காற்றுக்கு இடம் இருப்பதில்லை. டவர் ஒரு சிறு சதுரமாகவும் கம்பி ஒரு புள்ளிக்கோடாகவும் குறிக்கப்பட்டிருக்கும். கம்பிக்குக் கீழே இருப்பது காலி இடம், டவர் காலைச் சுற்றி இருப்பது சும்மா கிடக்கும் மண், பூமிக்கடியில் போகும் கேபிளைச் சுற்றி இருப்பதும் மண். நான்குவழிச் சாலையை ஆறுவழியாக்கும்போது அந்தக் காலி இடத்தில் மண்ணை உயர்த்துகிறார்கள், சும்மா கிடக்கும் மண்ணை வெட்டி எடுக்கிறார்கள். கம்பியை யாரும் தொடவில்லை, டவரில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. ஆனாலும் லைனின் உறுப்புகளில் கைவைத்தாகிவிட்டது. பெரிய சாலை வேலைகளின்போது மின் தொடரமைப்புக்கு வரும் ஆபத்துகளில் பல இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கின்றன: காற்றும் மண்ணும் லைனின் பாகங்கள்.

முதலில் காற்று. இரண்டு தட்டையான உலோகத் தகடுகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் காற்று ஏறக்குறைய 30,000 வோல்ட் தாங்கும். கட்டுமானத் தளத்தில் எதுவும் தட்டையாக இருப்பதில்லை. கிரேனின் பூம் நுனி, பைலிங் ரிக்கின் உச்சி, தூக்கிக் கொண்டுபோகிற கம்பிக்கட்டின் முனை எல்லாமே கூரானவை. கூரான முனையில் மின்புலம் குவிகிறது. அங்கே காற்று முதலில் உடைந்து, உடைப்பு கம்பியை நோக்கி வளர்கிறது. இப்படிப்பட்ட இடைவெளியில் காற்றின் தாங்குதிறன் சென்டிமீட்டருக்கு 5,000 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். 400 கே.வி. என்பது இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள அழுத்தம். ஒரு கம்பிக்கும் தரைக்கும் நடுவே உச்ச கணத்தில் இருப்பது சுமார் 326 கே.வி. வகுத்துப் பார்த்தால் 65 சென்டிமீட்டர் வருகிறது. கிரேன் கம்பியில் பட வேண்டியதே இல்லை. ஒரு கை நீளத்துக்கு நெருங்கினால் மின்சாரம் தானே தாண்டி வந்துவிடும். பிரேக்கரைத் திறந்து மூடும்போதும் இடி இறங்கும்போதும் லைனில் அழுத்தம் ஒரு கணம் இரு மடங்குக்கு மேல் எகிறும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதி 350 முதல் 500 கே.வி. வரையுள்ள லைனுக்கு அருகே வேலை செய்யும் கிரேன் 25 அடி தள்ளி நிற்க வேண்டும் என்கிறது. 65 சென்டிமீட்டர் எங்கே, 25 அடி எங்கே என்று தோன்றலாம். பூம் ஆடும், சுமை ஊசலாடும், கீழிருந்து மேலே பார்ப்பவருக்கு வானத்தைப் பின்னணியாகக் கொண்ட கம்பியின் தூரம் சரியாகத் தெரியாது. அந்த அடிகள் மனிதக் கண்ணுக்கும் கைக்கும் விட்ட இடம்.

தரையிலிருந்து கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியாவில் எளிய வாய்பாடு ஒன்று இருக்கிறது. 33 கே.வி.க்கு 5.2 மீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 33 கே.வி.க்கும் அல்லது அதன் பகுதிக்கும் 0.3 மீட்டர் கூட்ட வேண்டும், சாலையைக் கடக்கும் இடத்தில் 6.1 மீட்டருக்குக் குறையக் கூடாது. கணக்குப் போட்டால் தமிழ்நாட்டின் 110 கே.வி. லைனுக்கு 6.1, 230 கே.வி.க்கு 7, 400 கே.வி.க்கு 8.8 மீட்டர் வருகிறது. இவை குறைந்தபட்ச அளவுகள். அதுவும் கம்பி மிகவும் சூடாகி மிகவும் தாழ்ந்து தொங்கும் நேரத்துக்கானவை.

கம்பி தாழ்வது சாதாரண விஷயமில்லை. 400 கே.வி.யில் பரவலாக இருக்கும் மூஸ் என்ற வகைக் கம்பியின் எடை மீட்டருக்கு சுமார் 2 கிலோ. அதை 350 மீட்டர் இடைவெளிக்கு இழுத்துக் கட்டினால் நடுவில் எட்டு, ஒன்பது மீட்டர் தொய்வு இருக்கும். சித்திரை வெயிலும் உள்ளே பாயும் மின்னோட்டமும் சேர்ந்து கம்பியின் வெப்பநிலையை 40 டிகிரி உயர்த்துவதாக வைத்துக்கொள்வோம். 350 மீட்டர் கம்பி 27 சென்டிமீட்டர்தான் நீளும். ஆனால் இரண்டு முனையிலும் கட்டிப்போட்ட கம்பிக்கு அந்த நீளத்தைக் கொண்டுபோக வேறு இடமில்லை, கீழேதான் இறங்க வேண்டும். வளைவின் வடிவியலில் நீளத்தில் கூடும் சிறு அளவு தொய்வில் பல மடங்காகத் தெரியும். கம்பியின் மீள்தன்மையையும் கழித்த பிறகு நடுப்புள்ளி ஒன்றரை மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கும். ஜனவரிக் காலையில் சர்வே எடுத்தவர் பார்த்த கம்பி வேறு, மே மாத மதியம் மூன்று மணிக்கு அங்கே தொங்கும் கம்பி வேறு.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 345 கே.வி. லைன் ஒன்று தன் கொள்ளளவில் 44 சதவீதமே சுமந்துகொண்டிருந்தபோது கீழே வளர்ந்திருந்த மரத்தை எட்டித் துண்டிக்கப்பட்டது. அடுத்தடுத்து வேறு லைன்களும் சுமை ஏறித் தாழ்ந்து மரங்களில் பட்டன. அன்று மாலைக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். அங்கே காற்றைத் தின்றது மரம். சாலைத் திட்டத்தில் அதையே மண்மேடு செய்கிறது, ஒரே மாதத்தில்.

மேம்பாலம் வந்தால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. கீழே போகும் வாகனங்களுக்கு 5.5 மீட்டர் உயரம் விட வேண்டும். அதன்மேல் உத்திரமும் தளமும் சேர, பாலத்தின் மேல்தளம் தரையிலிருந்து ஏழு, எட்டு மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். நேற்றுவரை வாய்க்கால் வரப்புக்குப் பத்து மீட்டர் மேலே நிம்மதியாக இருந்த கம்பிக்கு இன்று கீழே இரண்டு மீட்டர் காற்றுதான் மிச்சம். அந்தத் தளத்தில்தான் நான்கு மீட்டர் உயர லாரி போகப்போகிறது. சந்திப்பில் முப்பது மீட்டர் உயர ஹைமாஸ்ட் விளக்கு நடுவார்கள். காற்றடித்தால் பக்கவாட்டில் ஊஞ்சலாடும் கம்பிக்கு அந்த விளக்குக் கம்பமும் ஓர் எதிரி. 400 கே.வி. லைனுக்கு 46 மீட்டர் அகலப் பாதை ஒதுக்குவது இந்த ஆட்டத்துக்கும் சேர்த்துத்தான்.

தீர்வு என்ன? கம்பியை உயர்த்த வேண்டும். சாலையின் இருபுறமும் இருக்கும் டவர்களுக்குப் பதில் மூன்று, ஆறு அல்லது ஒன்பது மீட்டர் உயரம் கூட்டிய டவர்களைப் பக்கத்தில் கட்டி, ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்திக் கம்பியை மாற்றுவார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு டவரை மட்டும் உயர்த்தினால் அடுத்திருக்கும் குட்டை டவரில் கம்பி மேல்நோக்கி இழுக்க ஆரம்பிக்கும். கீழே தொங்க வேண்டிய இன்சுலேட்டர் சரம் எடையிழந்து ஆடும், காற்றில் டவர் இரும்பை நெருங்கும். ஆகவே சாலையோரம் இரண்டு டவரை மாற்றும் வேலை சில சமயம் நான்கு டவர் வரை நீளும்.

இதற்கெல்லாம் லைனை நிறுத்த வேண்டும். தமிழ்நாட்டு மின்வாரியத்தில் யாரைக் கேட்டாலும் 'எல்.சி. எப்போ கிடைக்கும்' என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். எல்.சி. என்றால் லைன் கிளியர், லைனை நிறுத்தி வேலை செய்பவரிடம் ஒப்படைக்கும் அனுமதி. ஏப்ரல், மே மாதங்களில் மாநிலத்தின் மின்தேவை உச்சத்தில் இருக்கும், அப்போது பெரிய லைனை நிறுத்த முடியாது. மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைப் பருவம். திருநெல்வேலி, தூத்துக்குடி, தேனிப் பக்கத்திலிருந்து வடக்கே வரும் லைன்கள் காற்று மின்சாரத்தால் நிறைந்திருக்கும், அவற்றைத் தொட்டால் ஓசியில் கிடைக்கும் மின்சாரம் வீணாகும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஈரமான டவரில் ஏறக்கூடாது, சேற்றில் அஸ்திவாரம் போட முடியாது. மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு. மிஞ்சுவது ஜனவரியும் பிப்ரவரியும்தான். சாலை ஒப்பந்தத்தின் காலக்கெடு இந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் போடப்படுவதில்லை. மண் ஏற்றும் வேலை ஜூனில் லைனுக்கு அடியில் வந்து நிற்கிறது, எல்.சி. ஜனவரியில் கிடைக்கிறது. நடுவில் இருக்கும் ஏழு மாதங்கள்தான் ஆபத்தான மாதங்கள்.

அந்த மாதங்களில் உயிர் காப்பவை எளிய ஏற்பாடுகள். லைனுக்கு இருபுறமும் மரக்கம்பங்கள் நட்டு, கொடி கட்டிய கயிற்றைக் குறுக்கே இழுத்து, அதைவிட உயரமான எதுவும் அடியில் நுழையாதபடி தடுப்பது முதல் வேலை. மிகவும் பயப்பட வேண்டிய வண்டி கிரேன் இல்லை, டிப்பர் லாரி. கிரேன் ஓட்டுநர் மேலே பார்த்துத்தான் வேலை செய்கிறார். டிப்பர் ஓட்டுநர் மண்ணைக் கொட்டிவிட்டு, தூக்கிய பெட்டியை இறக்காமலே நகர்வார். ஆறேழு மீட்டர் உயரத்தில் இரும்புப் பெட்டி நகர்ந்து போவது அவர் பின்கண்ணாடியில் தெரியாது.

சப்ஸ்டேஷனில் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் உண்டு, அதை வெளியே யாரும் பேசுவதில்லை. பெரிய லைனில் பழுது ஏற்பட்டால் ரிலே ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கில் மின்சாரத்தைத் துண்டிக்கும். ஏறக்குறைய ஒரு நொடி கழித்துத் தானாகவே மறுபடியும் கொடுத்துப் பார்க்கும். இடி, பறவை, காய்ந்த ஓலை போன்ற தற்காலிகப் பழுதுகள் அந்த ஒரு நொடியில் தீர்ந்துபோயிருக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் கம்பியில் சிக்கியிருப்பது கிரேனாக இருந்தால் அந்த இரண்டாவது மின்சாரம் ஆளைக் கொல்லும். எனவே சாலை வேலை நடக்கும் பகுதியில் தானியங்கி மறு இணைப்பை அணைத்து வைக்க வேண்டும். இயந்திரம் கம்பியில் பட்டுவிட்டால் ஓட்டுநர் கேபினிலேயே இருக்க வேண்டும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால் இரு கால்களையும் சேர்த்துத் தரையில் குதிக்க வேண்டும். இயந்திரத்தையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடக் கூடாது. குதித்த பிறகும் கால்களை அகட்டி ஓடக் கூடாது. இயந்திரத்தைச் சுற்றியுள்ள தரையில் அடிக்கு அடி மின்னழுத்தம் மாறும். அகட்டி வைத்த இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள வித்தியாசமே உடம்பு வழியாக மின்சாரத்தைப் பாய்ச்சும். உதவ ஓடி வருபவர்கள் இறப்பது இதனால்தான்.

நிறுத்திய லைன்கூடப் பாதுகாப்பானது இல்லை. 2004இல் ரிச்சர்ட் பாக்ஸ் என்ற கலைஞர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே, டவர் லைனுக்குக் கீழே உள்ள வயலில் 1,301 குழல்விளக்குகளை நட்டு வைத்தார். எந்த ஒயரும் இணைக்காமல் அவை இருட்டில் ஒளிர்ந்தன. கம்பிக்கும் தரைக்கும் நடுவே காற்றில் பரவியிருக்கும் மின்புலமே போதுமானதாக இருந்தது. அதே மின்புலம் அடியில் நிற்கும் ரப்பர் டயர் லாரியையும், கான்கிரீட் போடக் காத்திருக்கும் நீண்ட கம்பிக்கூட்டையும், சாலையோர உலோகத் தடுப்பையும் மின்னேற்றும். ஒரே டவரில் இரண்டு சர்க்யூட் போகும் லைனில் ஒன்றை நிறுத்தினால், ஓடும் சர்க்யூட் பக்கத்தில் இருப்பதாலேயே நிறுத்தியதில் பல ஆயிரம் வோல்ட் தூண்டப்படும்.

அதனால் எல்.சி. கொடுத்ததும் கம்பியில் கைவைத்துவிட முடியாது. இரண்டு முனை சப்ஸ்டேஷன்களிலும் பிரேக்கரைத் திறந்து, கண்ணுக்குத் தெரியும்படி ஐசொலேட்டரைப் பிரித்து, எர்த் சுவிட்சைப் போட்டுப் பூட்டுகிறார்கள். வேலை நடக்கும் இடத்தில் ஒருவர் டவரில் ஏறி, அழுத்தம் இல்லை என்று கருவியால் சோதிக்கிறார். பிறகு நீண்ட காப்புக் கம்பின் நுனியில் உள்ள கொக்கியால், டவரில் ஏற்கெனவே இறுக்கிய செம்புப் பின்னலைக் கம்பியில் மாட்டுகிறார். முதலில் எர்த் முனை, பிறகுதான் லைன் முனை. கழற்றும்போது இது தலைகீழ். மாட்டும் கணத்தில் மிச்ச மின்னேற்றம் சிறு வெடிப்பொலியுடன் பொறியாக இறங்குவது உண்டு. வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் இந்த எர்த் இருந்தால்தான் மற்றவர்கள் மேலே ஏறுவார்கள். மாலையில் ஆட்களை எண்ணி, எர்த்களை எண்ணிக் கழற்றிய பிறகே எல்.சி. ரிட்டர்ன் ஆகும்.

இனி மண். டவரின் அஸ்திவாரம் எடையைத் தாங்குவதற்கு என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். டவரின் பெரிய கவலை வேறு. புயற்காற்று ஒரு பக்கத்திலிருந்து அடித்தால், எதிர்ப்பக்கக் கால்கள் மண்ணுக்குள் அழுந்தும், காற்று வரும் பக்கக் கால்கள் பிடுங்கிக்கொண்டு வரப் பார்க்கும். பிடுங்க விடாமல் வைத்திருப்பது கான்கிரீட் அடித்தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் மண். அடித்தளத்தின் விளிம்பிலிருந்து மேல்நோக்கி 30 டிகிரி சாய்வில் விரியும் கூம்பு அளவுக்கு மண் சேர்ந்து எழும்பும் என்று கணக்கிடுகிறார்கள்.

ஓர் உதாரணம். இரண்டு மீட்டர் சதுர அடித்தளம், மூன்று மீட்டர் ஆழம். மேலே விரியும்போது அந்த மண்கூம்பு தரைமட்டத்தில் ஐந்தரை மீட்டர் அகலமாக இருக்கும். கன அளவு சுமார் 45 கன மீட்டர். கன மீட்டருக்கு 1,440 கிலோ என்று வைத்தால் 64 டன். ஒரு காலைப் பிடித்துவைத்திருப்பது இந்த 64 டன். இப்போது சர்வீஸ் ரோட்டுக்காகப் பொக்லைன் வந்து ஒரு மீட்டர் மண்ணை வழித்து எடுக்கிறது. ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போயிற்று. ஆனால் போனது கூம்பின் அகலமான மேல்பகுதி. மிச்ச மண்ணின் எடை 30 டன், பாதிகூட இல்லை. டவர் அன்று மாலையும் நேராகத்தான் நிற்கும், அடுத்த வாரமும் நிற்கும். வடகிழக்குப் பருவத்தில் ஒரு புயல் வரும்வரை அதற்குக் குறை இருப்பதே தெரியாது.

மண்ணைக் கூட்டினாலும் கேடு. டவர் காலைச் சுற்றிக் கான்கிரீட் தொப்பி ஒன்று தரைக்கு மேலே நிற்கும், மழைநீர் இரும்பில் தங்காமல் வழிந்தோட. சாலை மேட்டின் சரிவு அந்தத் தொப்பியை மூடினால் இரும்பு ஈரமண்ணில் புதைந்து துருப்பிடிக்கும். துரு பிடிக்கும் இடமோ கண்ணுக்குத் தெரியாத இடம். ஆகவே வெட்டும் வேலைக்குத் தாங்குசுவரும், நிரப்பும் வேலைக்குக் காலைச் சுற்றித் தொட்டி போன்ற தடுப்புச் சுவரும் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

பூமிக்கடியில் மண்ணுக்கு வேறு வேலை. 110 கே.வி. கேபிளில் மின்சாரம் ஓடும்போது மீட்டருக்குப் பல வாட் வெப்பம் வெளியேறுகிறது. மேல்நிலைக் கம்பியைக் காற்று குளிர்விக்கும். புதைத்த கேபிளைச் சுற்றியுள்ள மண்தான் அந்த வெப்பத்தைத் தரைமட்டம் வரை கொண்டுபோக வேண்டும். ஈரமண் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், காய்ந்த மண் கடத்தாது. மண்ணின் வெப்பத்தடை இரு மடங்கானால் கேபிள் சுமக்கக்கூடிய மின்னோட்டம் தோராயமாக நான்கில் ஒரு பங்கு குறையும். நீர் இறங்காத தார்ச்சாலை மேலே வந்தால், இடித்த கட்டடச் சல்லியைக் கொட்டிப் பள்ளத்தை மூடினால், மேலே இரண்டு மீட்டர் மண் ஏற்றினால், கேபிளின் உடம்பில் ஒரு கீறலும் இல்லாமலே அதன் திறன் குறைந்துவிடும். 1998 பிப்ரவரியில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையம் வாரக்கணக்கில் இருளில் கிடந்தது. நகருக்குள் வரும் நான்கு 110 கே.வி. கேபிள்களும் ஒரு மாதத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின. அது வறண்ட கோடைக்காலம். கேபிள் கிடந்த மண் நினைத்த அளவுக்கு வெப்பத்தைக் கடத்தவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்த காரணங்களில் ஒன்று.

கேபிளையே நேரடியாகத் துளைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் பெர்லின். நகரின் தென்கிழக்கில் உள்ள கோப்பெனிக் பகுதி ஆறுகளும் ஏரிகளும் சூழ்ந்தது. அங்கே சால்வடோர் அயேந்தே பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2019 பிப்ரவரி 19 அன்று பிற்பகல், பாலத்துக்கு அருகே பூமிக்கடியில் கிடைமட்டமாகத் துளையிடும் இயந்திரம் ஒரு 110 கே.வி. கேபிளைத் தாக்கியது. அந்தப் பகுதிக்கு மாற்றாக இன்னொரு கேபிள் இருந்தது. ஒன்று போனால் மற்றது சுமக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அது பக்கத்திலேயே இருந்தது. துளை இரண்டையும் சேதப்படுத்திவிட்டது.

30,000க்கும் அதிகமான வீடுகளும் சுமார் 2,000 கடைகளும் தொழிலகங்களும் ஏறக்குறைய 31 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தன. பிப்ரவரிக் குளிரில் வெந்நீர்க் குழாய்வழி வீடுகளைச் சூடாக்கும் நிலையமும் நின்றது. கைபேசிக் கோபுரங்களின் பேட்டரி தீரத் தீரத் தொலைபேசி அடங்கியது. டிராம் ஓடவில்லை. பள்ளிகள் மூடின. மருத்துவமனை ஒன்றின் அவசர ஜெனரேட்டரும் இரவில் மக்கர் செய்ய, தீவிர சிகிச்சையில் இருந்தவர்களை வேறு மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். உலகின் நம்பகமான மின்கட்டமைப்புகளில் ஒன்றைக் கொண்ட நாட்டின் தலைநகரில் இது நடந்தது.

இங்கே காணாமல்போன உறுப்பு எது? இரண்டு கேபிள்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. இரண்டு கேபிள் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கெட வாய்ப்பு மிகக் குறைவு என்று நம்பகத்தன்மைக் கணக்கு சொல்லும். அந்தக் கணக்கு ஒன்றின் கேடு மற்றதைப் பாதிக்காது என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே பள்ளத்தில் கிடக்கும் இரண்டு கேபிள்கள் இயந்திரத்தின் பார்வையில் ஒரே கேபிள்தான். பாலங்களில் இந்தச் சிக்கல் இன்னும் இறுகும். ஆற்றைக் கடக்க இடங்கள் குறைவு என்பதால் மின்சாரம், தண்ணீர், எரிவாயு, தொலைத்தொடர்பு எல்லாம் பாலத்தடியில் வந்து குவியும். நம் ஊர்களிலும் அப்படித்தான். பாலத்தைப் புதிதாகக் கட்டுவதென்றால், இரண்டு கேபிள்களில் ஒன்றையாவது பணி எல்லைக்கு வெளியே முதலில் கொண்டுபோய்விட்டுத்தான் துளையிடும் இயந்திரத்தை இறக்க வேண்டும். செலவு அதிகம்தான். 31 மணி நேர இருட்டின் செலவை யாரும் ஒப்பந்தப் பட்டியலில் எழுதுவதில்லை என்பதால் இது அதிகமாகத் தெரிகிறது.

அறுந்த உயரழுத்தக் கேபிளை ஒட்டுவது வீட்டு ஒயரை ஒட்டுவது மாதிரி இல்லை. பள்ளத்தின் மேல் கூடாரம் போட்டு, ஈரமும் தூசியும் புகாமல் அடைத்து, பாலித்தீன் காப்பைக் கண்ணாடிபோல் வழவழப்பாகும்வரை தேய்க்கிறார்கள். அந்தக் காப்பின் தடிமன் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதற்குள் 60,000 வோல்ட்டுக்கு மேல் அடங்கியிருக்க வேண்டும். ஒரு மணல் துகளோ விரல் வியர்வையோ உள்ளே தங்கினால் மின்புலம் அங்கே குவிந்து மாதங்களில் காப்பை அரித்துத் துளைத்துவிடும். இதைச் செய்யத் தெரிந்த ஜாயின்டர்கள் எந்த ஊரிலும் சிலரே.

ஆகவே கேபிள் எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்துகொள்வதுதான் எல்லாவற்றிலும் மலிவு. கையில் பிடித்து நடக்கும் லொகேட்டர் கருவி, கேபிளில் ஓடும் மின்னோட்டத்தின் காந்தப்புலத்தைத் தேடும். மூன்று பேஸ்களும் ஒட்டிக் கிடந்தால் அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். சுமையில்லாமல் காத்திருக்கும் மாற்றுக் கேபிளோ கருவிக்குத் தெரியாமலே போகக்கூடும். நம்மைக் காப்பாற்ற வைத்த கேபிள்தான் கண்டுபிடிக்கக் கடினமான கேபிள் என்பது வேதனையான உண்மை. தரையை ஊடுருவும் ரேடார் மணலில் நன்றாகப் பார்க்கும், ஈரக் களிமண்ணில் திணறும். அதனால் கருவி காட்டிய இடத்தில் கையால் சோதனைக் குழி வெட்டிப் பார்ப்பது இன்றும் கட்டாயம்.

சிங்கப்பூர் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. மண்ணைத் தோண்டுமுன் உரிமம் பெற்ற கேபிள் கண்டறியும் பணியாளரை அமர்த்த வேண்டும், சோதனைக் குழிகள் வெட்ட வேண்டும். உயரழுத்தக் கேபிளைச் சேதப்படுத்தினால் 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதமும் சிறையும் உண்டு. அங்கே அந்தக் குழிகளை வெட்டுபவர்களில் தமிழகத்திலிருந்து போனவர்கள் ஏராளம். இங்கே பொக்லைன் பல்லை நேரடியாக இறக்கிப் பழகியவர், அங்கே மண்வெட்டியால் அங்குலம் அங்குலமாக இறங்குகிறார். ஆள் அதே ஆள்தான், விதி வேறு. இந்தியாவில் 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலி தொடங்கப்பட்டது. தோண்டப்போகிறவர் முன்கூட்டியே தெரிவித்தால், அந்த இடத்தில் குழாயும் கேபிளும் வைத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்.

செய்தி போனால், பழைய வரைபடம் ஒன்று வரும். அதில் 'தரைமட்டத்திலிருந்து 1.2 மீட்டர் ஆழம்' என்று எழுதியிருக்கும். எந்தத் தரைமட்டம்? கேபிள் போட்ட வருடத்துத் தரைமட்டம். அதன் பிறகு சாலை மூன்று முறை தார் மேல் தார் போட்டு உயர்ந்திருக்கலாம், வடிகாலுக்காக ஓரம் தாழ்ந்திருக்கலாம். இப்போது நடக்கும் வேலையில் இன்னும் இரண்டு மீட்டர் ஏறப்போகிறது. வேலை முடிந்து பள்ளத்தை மூடுமுன் கேபிளின் மேல்விளிம்பைக் கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு அளந்து, இடத்தைச் செயற்கைக்கோள் வழி ஆயத்தொலைவுகளில் குறித்து, மண்ணின் வெப்பத்தடையை ஊசியைச் செருகிச் சோதித்து, மூன்றையும் ஒரே தாளில் எழுதி மின்வாரியத்திடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் கொடுக்க வேண்டும். அதற்குச் சர்வேயர் ஒருவரின் அரை நாள் போதும். தார் போட்ட பிறகு அதே மூன்றையும் கண்டுபிடிக்கச் சாலையை மறுபடியும் வெட்டியாக வேண்டும்.